கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? நிறுத்திய இடத்திலேயே கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. உடனே எல்லோரும் செய்வது, மறுபடி திருப்பிப் பார்ப்பது. அப்புறம் இன்னொரு தடவை. கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் கிளம்பிவிடும் என்ற நம்பிக்கையில் மேலும் ஒரு தடவை. இதற்குள் பேட்டரியில் மிச்சமிருந்த உயிரும் போய்விடும். அது போனால், கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுத்திருக்கும் அடையாளங்களும் கூடவே போய்விடும்.

மெக்கானிக்குக்குப் போன் செய்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “செல்ஃப் அடிக்குதா?” என்பதாகத்தான் இருக்கும். செல்ஃப் என்பது இன்ஜினை முதலில் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார். அது சுழல்கிறதா இல்லையா என்பதை வைத்தே கோளாறுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும். சுழலவில்லை என்றால் பேட்டரி, வயர், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), செல்ஃப் மோட்டார் பக்கம் தேட வேண்டும். நன்றாகச் சுழல்கிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல், ஸ்பார்க், சென்சார், சாவி பக்கம். முதல் கூட்டத்துக் கோளாறுக்குப் பெட்ரோல் பம்பைக் கழற்றுவது வீண் வேலை. இரண்டாவது கூட்டத்துக் கோளாறுக்குப் பேட்டரியை மாற்றினால் காசும் வீண்.

கையில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 10-ஆம் நம்பர் ஸ்பேனர், ஒரு டார்ச், உதவிக்கு ஒரு ஆள். இவ்வளவு இருந்தால் கீழே சொல்வதில் பெரும்பகுதியை நீங்களே செய்துவிடலாம்.

கை வைப்பதற்கு முன்

ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யில். மோதிரம், உலோகக் காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையையும் வண்டியின் இரும்பையும் ஒரு மோதிரம் இணைத்துவிட்டால், அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். சட்டைக் கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் தொங்கக் கூடாது. இன்ஜின் ஓடாதபோதும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலக்கூடும். மூடிய கராஜ் என்றால் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இரண்டு சந்தர்ப்பங்களில் சோதனையே வேண்டாம். வண்டி தண்ணீரில் மூழ்கியிருந்தாலோ, தேங்கிய நீரில் போகும்போது நின்றிருந்தாலோ சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்து செல்ஃப் அடித்தால், அமுக்க முடியாத தண்ணீரை பிஸ்டன் அமுக்கப் பார்த்து கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இரண்டாவது, பெட்ரோல் வண்டிக்கு டீசலோ டீசல் வண்டிக்குப் பெட்ரோலோ போட்டுவிட்ட சந்தேகம். இக்னிஷனை ஆன் செய்தாலே பம்ப் ஓடி, தப்பான எரிபொருளை லைன் முழுக்க அனுப்பிவிடும். இரண்டுக்கும் ஒரே வழிதான், இழுத்துக்கொண்டு போகும் வண்டியைக் கூப்பிடுவது.

காதைத் தீட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை

ஏசி, ரேடியோ, ஹெட்லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, சாவியை முதலில் ஆன் வரை மட்டும் திருப்புங்கள். புஷ் பட்டன் வண்டியில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் பொதுவாக அந்த நிலை வரும். டாஷ்போர்டு விளக்குகள் வருகின்றனவா, இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஆன் நிலையில் அந்த விளக்கு எரிவதுதான் சரி. எரியவே இல்லை என்றால் இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகவில்லையோ என்று சந்தேகப்படலாம்.

இப்போது ஸ்டார்ட் வரை திருப்பி, மூன்று நான்கு நொடி பிடித்துவிட்டு விட்டுவிடுங்கள். என்ன கேட்டது?

சத்தமே இல்லை, டாஷ்போர்டும் இருட்டு: பேட்டரி முழுக்க இறங்கிவிட்டது, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது.

டாஷ்போர்டு பளிச்சென்று எரிகிறது, ஆனால் செல்ஃப் பக்கம் மூச்சே இல்லை: கியர், கிளட்ச், பிரேக் சுவிட்ச், ரிலே, பியூஸ், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டியைக் கிளம்பவிடாத திருட்டுத் தடுப்பு) இவற்றில் ஏதோ ஒன்று.

“கட கட கட” என்று வேகமாகத் தட்டுகிறது: பேட்டரி பலவீனம், அல்லது டெர்மினலில் பிடிப்பு சரியில்லை. செல்ஃபின் தலையில் இருக்கும் சோலனாய்டு என்ற மின்காந்தச் சுவிட்ச் உள்ளே இழுக்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் பாய்ந்ததும் வோல்ட்டேஜ் சரிகிறது, பிடி விட்டுவிடுகிறது, வோல்ட்டேஜ் ஏறியதும் மறுபடி இழுக்கிறது. நொடிக்குப் பல தடவை இதே கதை நடப்பதுதான் அந்தச் சத்தம்.

ஒரே ஒரு “டொக்”, அப்புறம் மௌனம்: செல்ஃப் மோட்டாரோ சோலனாய்டோ போயிருக்கலாம். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் சில சமயம் இப்படி வரும்.

இழுத்து இழுத்து, முனகிக்கொண்டு சுழல்கிறது: பேட்டரி, அல்லது அழுக்கேறிய கேபிள்.

“விர்ர்ர்” என்று வெறுமனே சுழல்கிறது, இன்ஜின் அசையவே இல்லை: செல்ஃபின் பல் இன்ஜினின் ஃப்ளைவீலோடு சேரவில்லை. கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தால் பற்கள் தேய்ந்திருக்கின்றன. மேலும் அடித்தால் ஃப்ளைவீலும் கெடும், அத்தோடு நிறுத்துங்கள்.

வழக்கமான வேகத்தில் சுழல்கிறது, ஆனால் பிடிக்கவில்லை: இரண்டாவது கூட்டம்.

செல்ஃப் அடிக்கவில்லை என்றால்: ஸ்பேனர் எடுக்காமலே பார்க்க வேண்டியவை

ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ‘பி’ அல்லது ‘என்’னில் இருந்தால்தான் செல்ஃப் அடிக்கும். அதைக் கவனிக்கும் சுவிட்ச் தேய்ந்திருந்தால், லீவர் ‘பி’யில் இருந்தும் வண்டிக்கு அது தெரியாது. பிரேக்கை மிதித்தபடி ‘என்’னுக்குக் கொண்டுபோய் முயன்று பாருங்கள். ‘என்’னில் அடித்து ‘பி’யில் அடிக்கவில்லை என்றால் கோளாறு கையில் கிடைத்துவிட்டது. மேனுவல் வண்டிகள் பலவற்றில் கிளட்சை அடிவரை மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். அங்கே குறுக்கே நிற்பது பெரும்பாலும் உருண்டு வந்த தண்ணீர் பாட்டிலோ, நகர்ந்துவந்த மிதியடியோதான்.

புஷ் பட்டன் வண்டிகளில் பிரேக் லைட் சுவிட்சை யாரும் நினைத்தே பார்ப்பதில்லை. பிரேக் மிதிக்கப்பட்டது என்ற தகவல் அந்தச் சின்னச் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. உதவிக்கு நிற்பவரைப் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கை மிதிக்கும்போது பின்விளக்கு எரியவில்லை என்றால் சுவிட்ச் அல்லது அதன் பியூஸ் போயிருக்கலாம். இன்னொன்று, இன்ஜின் ஓடாதபோது பிரேக்கைப் பல தடவை மிதித்தால் பெடல் கல்லுப்போல் ஆகிவிடும். அது கோளாறு இல்லை. பிரேக்குக்கு உதவும் வாக்குவம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் பெடல் போதிய அளவு இறங்காததால் சுவிட்ச் வேலை செய்யாமல் போகலாம். பலமாக மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள்.

“சாவி இல்லை” என்று திரையில் வந்தால், சாவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி இறங்கியிருக்கும். பல சாவிகளில் இருப்பது சிஆர்2032 வகை. அதை மாற்றும்வரை ஒரு வழி உண்டு: சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டினாற்போல் பிடித்து அழுத்தினால் பல வண்டிகள் ஏற்றுக்கொள்ளும். சில வண்டிகளில் சாவியை வைப்பதற்கென்றே ஓர் இடம் இருக்கும், வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருப்பார்கள்.

சாவியே திரும்பவில்லையா? ஸ்டியரிங் லாக் ஆகியிருக்கும். ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஆட்டியபடி சாவியைத் திருப்புங்கள். முரட்டுத்தனம் காட்டினால் சாவி முறியும்.

பேட்டரி: சந்தேகம் வேண்டாம், அளந்துவிடுங்கள்

“லைட் எரியுதே, ஹாரன் அடிக்குதே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு.” அடிக்கடி கேட்கும் வாதம் இது. இரண்டு ஹாலஜன் ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது 10 ஆம்பியருக்கும் குறைவு. ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜினைச் சுழற்ற செல்ஃப் இழுப்பது 100 முதல் 200 ஆம்பியர், பெரிய டீசல் இன்னும் அதிகம். லைட்டை எரியவிடும் பேட்டரி செல்ஃபையும் சுழற்றும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

முதலில் பானட்டைத் திறந்து டெர்மினல்களைக் கையால் திருகிப் பாருங்கள். துளியும் அசையக் கூடாது. வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருந்தால் அதையும் கவனியுங்கள். அந்தப் பூஞ்சை போன்ற படிவு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த இடத்தில் நூற்றில் ஒரு பங்கு ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். ஹெட்லைட்டின் 10 ஆம்பியர் போகும்போது அங்கே தொலைவது வெறும் 0.1 வோல்ட், லைட்டில் வித்தியாசமே தெரியாது. செல்ஃபின் 150 ஆம்பியர் போகும்போது தொலைவது 1.5 வோல்ட். நல்ல பேட்டரி இருந்தும் வண்டி முனகுவதற்கு அதுவே போதும்.

சுத்தம் செய்வது சுலபம். நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், அப்புறம் பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசையில் செய்தால், பாசிட்டிவைத் திருகும்போது ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள், நுரைத்துக்கொண்டு கரையும். துடைத்து, உலர்த்தி, உப்புத்தாளால் உட்புறத்தை உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். பேட்டரியைக் கழற்றினால் சில வண்டிகளில் ரேடியோ மறுபடி ரகசிய எண்ணை (கோடு) கேட்கும். டிக்கியை எலெக்ட்ரிக் லாக் மட்டுமே திறக்கும் வண்டி என்றால், டிக்கியில் சாவியை வைத்து மூடிவிடாதீர்கள்.

இனி மல்டிமீட்டர். டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, முனைகளை டெர்மினல் கிளாம்ப்மேல் வைக்காமல் பேட்டரியின் ஈயக் குமிழ்மேலேயே அழுத்திப் பிடியுங்கள். வண்டி இப்போதுதான் ஓடி நின்றதென்றால் ஹெட்லைட்டை ஒன்றிரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்த பிறகு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய்யாக உயர்ந்த எண் வரும். 12.6 வோல்ட் அல்லது மேலே என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான். ஒவ்வொரு செல்லும் சுமார் 2.1 வோல்ட், ஆறு செல் சேர்ந்துதான் 12.6. ஆகவே நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறதென்றால் ஒரு செல் செத்துவிட்டது. அந்தப் பேட்டரிக்கு வைத்தியம் கிடையாது.

ஆனால் சும்மா நிற்கும்போது காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, உதவியாளரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இந்த முழுக் கட்டுரையிலும் அதிகம் பலன் தரும் சோதனை இதுதான். ஐந்து நொடியில் முடியும். எண் என்ன செய்கிறது?

12.5-லிருந்து அசையவே இல்லை, செல்ஃபும் அடிக்கவில்லை. பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள். அதனிடம் யாரும் கரண்டே கேட்கவில்லை. சாவி, ரிலே, சுவிட்ச், வயர் என்று எங்கோ பாதை அறுந்திருக்கிறது.

“டொக்” என்று கேட்டு, எண் கொஞ்சம்தான் இறங்குகிறது. சோலனாய்டு இழுத்துவிட்டது, மோட்டாருக்குப் போதிய கரண்ட் போகவில்லை. சோலனாய்டின் உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனைகளோ மோட்டாரின் கார்பன் பிரஷ்களோ தேய்ந்திருக்கலாம், கேபிள் இணைப்பும் மோசமாக இருக்கலாம்.

9.6-க்குக் கீழே சரிகிறது. பேட்டரி தாக்குப்பிடிக்கவில்லை. முன்பே 12.2 போல இறங்கியிருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். 12.6 காட்டிவிட்டு இப்படிச் சரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மூன்று முதல் ஐந்து வருடம் ஓடிய பேட்டரி என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெப்பமான இடங்களில் அதற்கும் முன்பே போகும்.

10-க்கு மேல் நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் முனகுகிறது. கேபிளைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் குமிழிலும், மறுமுனையை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் கோளாறு. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கினால் போதும், புதுப் பேட்டரி வாங்க நினைத்த செலவு மிச்சம்.

ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும், சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கினால் வண்டி விழிக்காது. அதை அளக்கலாம், சார்ஜ் செய்யலாம். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடக் கூடாது.

ஜம்ப் ஸ்டார்ட்

இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் வழியாகக் கரண்ட் வாங்கி ஸ்டார்ட் செய்வதுதான் ஜம்ப் ஸ்டார்ட். பேட்டரி இறங்கியிருக்கிறது என்று மீட்டர் சொன்ன பிறகு செய்ய வேண்டியது இது. இரண்டு வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். 24 வோல்ட் லாரியிலிருந்து கொடுத்தால் எலெக்ட்ரானிக் பாகங்கள் கருகும். ஹைபிரிட் வண்டியிலிருந்து கரண்ட் கொடுக்கலாமா என்பதைக் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பேட்டரி உப்பியிருந்தாலோ, வெடித்திருந்தாலோ, உறைந்திருந்தாலோ முயற்சியே வேண்டாம். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

1. சிவப்புக் கேபிளின் ஒரு முனை, இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில்.
2. அதன் மறுமுனை, நல்ல பேட்டரியின் பாசிட்டிவில்.
3. கறுப்புக் கேபிளின் ஒரு முனை, நல்ல பேட்டரியின் நெகட்டிவில்.
4. அதன் மறுமுனை, நின்றுபோன வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி.
5. நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு மற்றதை முயலுங்கள்.
6. கிளம்பியதும் போட்டதற்கு நேர்எதிர் வரிசையில் கழற்றுங்கள்.

நான்காவது படியை நிறையப் பேர் சோம்பல்பட்டு நேரே பேட்டரி நெகட்டிவிலேயே மாட்டுகிறார்கள். கடைசி இணைப்பில் சின்னதாகப் பொறி தெறிக்கும். பேட்டரிமேல் ஹைட்ரஜன் வாயு தேங்கியிருந்தால் அந்தப் பொறியே அதை வெடிக்க வைத்துவிடும். பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும் வண்டிகளில், ஜம்ப் கொடுப்பதற்கென்றே பானட்டுக்குள் தனி முனைகள் வைத்திருப்பார்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியருக்கு மட்டும்தான். இக்னிஷன் ஆன், இரண்டாம் கியர், கிளட்சை மிதித்துப் பிடித்திருந்து, வேகம் வந்ததும் சட்டென்று விட வேண்டும். இன்ஜின் பிடிக்கும்வரை பிரேக்குக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் உதவி இருக்காது, அதனால் சரிவில் தனியாக முயல வேண்டாம். பேட்டரி ஒரேயடியாகச் செத்திருந்தால் தள்ளினாலும் பயனில்லை. பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் அடிக்கவில்லை

பியூஸ் பெட்டியைத் திறங்கள். மூடியின் உள்பக்கம் வரைபடம் இருக்கும். ஸ்டார்ட்டர் பியூசைப் பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள், நடுவில் இருக்கும் கம்பி அறுந்திருக்கக் கூடாது. மாற்றினால் அதே ஆம்பியர்தான் போட வேண்டும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. புதிதாகப் போட்டதும் உடனே போனால் எங்கோ ஷார்ட், பெரிய பியூசைப் போட்டு அதை அடக்கப் பார்த்தால் வயர் எரியும்.

ரிலேவைச் சோதிக்கக் கருவி வேண்டாம். அதே பெட்டியில் ஹாரன் ரிலேவோ வேறொன்றோ அதே எண், அதே முனை அமைப்போடு பெரும்பாலும் இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் அடித்து ஹாரன் ஊமையானால் வேலை முடிந்தது.

“டொக்” சத்தத்தோடு நிற்கும் செல்ஃபை, சுத்தியலின் மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டிக்கொண்டே மற்றவரைச் சாவியைத் திருப்பச் சொல்வது பழைய உபாயம். பிரஷ் தேய்ந்த மோட்டார் அந்த அதிர்வில் ஒரு சுற்றுக்கு உயிர்பிடிக்கும். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், கை பெல்ட் பக்கம் போக வேண்டாம், காருக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்யவே வேண்டாம். தட்டியதும் அடித்தால் நேரே பட்டறைக்குப் போங்கள். நாளைக்கும் இது வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

இனி இரண்டாவது கூட்டம். ஒரு தடவையில் 10 நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது விடுங்கள். செல்ஃப் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்கென்று செய்யப்பட்டதில்லை, சூடேறிக் கருகிவிடும்.

முதலில் சுழலும் சத்தத்தைக் கவனியுங்கள். வழக்கமாக “உர்-உர்-உர்” என்று ஏறி இறங்கும் தாளம் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது எழும் தடை அது. அந்தத் தாளம் இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக ஒரே சீராகச் சுழன்றால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்திவிடுங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தபின் சுழற்றினால் பிஸ்டன் வால்வை இடிக்கும். வீட்டுச் சோதனை இந்த இடத்தோடு சரி.

தாளம் சரியாக இருக்கிறதா? டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் இம்மொபிலைசர் உங்கள் சாவியை ஏற்கவில்லை. வேறு காரின் சாவியோ தடித்த உலோக வளையமோ சேர்ந்து தொங்கினால் கழற்றிவிட்டு முயலுங்கள். அலமாரியில் தூங்கும் இரண்டாவது சாவியை எடுத்து வந்து பாருங்கள். அதில் கிளம்பினால் முதல் சாவியின் சிப்தான் கோளாறு. வண்டி கிளம்பி ஓரிரு நொடியில் பட்டென்று நின்றுவிடுவதும் பல மாடல்களில் இம்மொபிலைசரின் வேலைதான்.

அடுத்து பெட்ரோல். முள் காட்டுவதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். மிதவை சிக்கிக்கொண்டால் முள் பொய் சொல்லும், சரிவில் நிற்கும் வண்டியில் கொஞ்சம் பெட்ரோல் இருந்தும் பம்புக்கு எட்டாது. பின் சீட் பக்கம் காதை வைத்துக்கொண்டு சாவியை ஆன் செய்யுங்கள். இரண்டு மூன்று நொடி மெல்லிய “ம்ம்ம்” சத்தம் கேட்டு நிற்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்ப் பியூஸ், ரிலே, அப்புறம் பம்ப். சில வண்டிகளில் ஓட்டுநர் கதவைத் திறந்ததுமே பம்ப் ஓடி முடிந்திருக்கும், ஆகவே கதவை மூடித் திறந்து ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மோதினால் பெட்ரோலை நிறுத்தும் தனி சுவிட்ச் உள்ள மாடல்களும் உண்டு. ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கியதில்கூட அது விழுந்திருக்கலாம். அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். பெட்ரோல் லைனைக் கழற்றிப் பார்க்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். உள்ளே அழுத்தம் இருக்கும், பக்கத்தில் சூடான இன்ஜின் இருக்கும்.

மாறாக, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தால் இன்ஜினில் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே அணைத்த மறுநாள் இது அடிக்கடி நடக்கும். ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு நொடி அடியுங்கள். பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றில், பெடல் முழுக்க அழுத்தியிருந்தால் ஸ்டார்ட் ஆகும்வரை கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். வெறும் காற்று போய் ஈரமான பிளக் காயும். இருமிக்கொண்டு கிளம்பினால் காலை மெல்ல எடுங்கள்.

பம்பும் ஓடுகிறது, வாடையும் இல்லை. ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். செல்ஃப் சுழலும்போது பல வண்டிகளில் அது 200 பக்கம் லேசாக எழும்பும். பூஜ்யத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் சுழல்வதே கம்ப்யூட்டருக்குத் தெரியாவிட்டால் அது ஸ்பார்க்கும் தராது, பெட்ரோலும் தராது. வண்டி சூடாக இருக்கும்போது மட்டும் அடம்பிடித்து, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பினால் இந்தச் சந்தேகம் வலுக்கிறது.

ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் 16 முனை ஓபிடி சாக்கெட்டில் (கோளாறுகளைப் படிக்கும் இணைப்பு) ஒரு புளூடூத் ஸ்கேனரைச் சொருகி மொபைலில் பார்த்தால் சந்தேகம் தீரும். அதில் வரும் கோளாறு எண்ணைத்தான் கோடு என்பார்கள். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சுற்று, பி0340 என்றால் கேம் சென்சார் சுற்று. கோடு வந்ததும் அந்தச் சென்சாரை வாங்க ஓட வேண்டாம். கோடு குறிப்பது அந்தச் சுற்றில் கோளாறு என்பதை மட்டும்தான். எலி கடித்த வயரும் அதே கோடைத்தான் தரும். பானட்டுக்குள் டார்ச் அடித்து, கடிபட்ட வயர், எலிப்புழுக்கை, கழன்ற சாக்கெட் இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள்.

ஸ்பார்க் வருகிறதா என்று பிளக் வயரைக் கையில் பிடித்துப் பார்ப்பது ஆபத்து. அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட். ஒவ்வொரு பிளக்குக்கும் தனி இக்னிஷன் காயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் கம்பிச்சுருள்) உள்ள வண்டியில் அத்தனை காயில்களும் ஒரே நாளில் சாவதும் அபூர்வம். ஸ்பார்க்கே இல்லை என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான பியூஸ், ரிலே, கிராங்க் சென்சார், இம்மொபிலைசர் இவற்றில்தான் தேட வேண்டும்.

டீசலுக்கு ஸ்பார்க் பிளக்கும் ஸ்பார்க்கும் கிடையாது. சுருள் கம்பிப் படம் போட்ட விளக்கு அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள், ஹீட்டர் பிளக் சூடாகும் நேரம் அது. குளிரில் மட்டும் கிளம்ப மறுத்தால் ஹீட்டர் பிளக்கோ அதன் ரிலேவோ போயிருக்கலாம். டேங்க் ஒருமுறை காலியாகிவிட்டால், அல்லது ஃபில்டர் மாற்றியபின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஏர் லாக், அதாவது டீசல் லைனில் காற்று புகுந்து அடைத்துக்கொண்டிருக்கலாம். ஃபில்டர் பக்கம் கை பம்ப் இருந்தால் இறுகும்வரை அமுக்குங்கள். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததற்கான விளக்கு எரிந்தால் முதலில் அதை வடித்துவிட வேண்டும். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கக் கூடாது, உள்ளேயே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும்.

கிளம்பிவிட்டது. பேட்டரி ஏன் இறங்கியது?

ஜம்ப் கொடுத்துக் கிளம்பியவுடன் நிம்மதியாகக் கிளம்பிப் போய்விடாதீர்கள். இன்ஜின் ஓடும்போதே பேட்டரியை அளங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் டைனமோ (ஆல்டர்னேட்டர்) சார்ஜ் செய்கிறது. புதிய வண்டிகளில் இந்த எண் கொஞ்சம் முன்பின் ஆடும். ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டதும் 12.5, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் டைனமோவோ அதன் பெல்ட்டோ கோளாறு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் வித்தையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்போது எகிறும் வோல்ட்டேஜில் கம்ப்யூட்டர் போய்விடும்.

டைனமோ சரி, பேட்டரியும் சரி, ஆனாலும் நிறுத்திவைத்தால் இறங்குகிறதா? எதுவோ திருட்டுத்தனமாகக் கரண்ட் குடிக்கிறது. சாதாரண வண்டி உறக்கத்தில் இழுப்பது 50 மில்லி ஆம்பியருக்குள். 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி அதில் மாதம் தாங்கும். டிக்கியில் அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஒன்று 400 மில்லி ஆம்பியர் இழுக்கும், நான்கைந்து நாளில் அதே பேட்டரி காலி. மொபைலில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடுங்கள். திறந்து பார்த்தால் விளக்கு அணைந்ததா என்பது தெரிந்துவிடும். டாஷ்போர்டு அறைக்கும் இதையே செய்யலாம். அதற்கடுத்து சந்தேகப்பட வேண்டியவை பின்னால் பொருத்திய கேமரா, ஆம்ப்ளிஃபையர், ஜிபிஎஸ் போன்றவை.

துல்லியமாக அளக்க வேண்டும் என்றால், மீட்டரை 10 ஆம்பியர் முனையில் வைத்து நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே இணைத்து, கதவுகளை மூடி, வண்டியின் கம்ப்யூட்டர்கள் உறங்க அரை மணி நேரமாவது விட்டுவிட்டுப் பாருங்கள். எண் அதிகமாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்த வரிசையில்தான் திருடன். மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் பியூஸ் போய்விடும்.

பட்டறைக்குச் சொல்லும்போது

இத்தனைக்குப் பிறகும் வண்டி கிளம்பவில்லை என்றால் மெக்கானிக்கிடம் “ஸ்டார்ட் ஆகல” என்று மட்டும் சொல்லாதீர்கள். “செல்ஃப் நல்லா அடிக்குது, பேட்டரி 12.5, அடிக்கும்போது 10.8, பம்ப் சத்தம் கேக்கல, ரிலே மாத்திப் பாத்தாச்சு” என்று சொல்லுங்கள். எந்தப் பாகத்தோடு வர வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிடும், தேவையில்லாத பாகம் எதையும் மாற்றவும் இடமிருக்காது. கடைசியாக என்ன வேலை செய்தீர்கள், எங்கே பெட்ரோல் போட்டீர்கள், நேற்று வண்டி எப்படி ஓடியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வண்டியை எடுத்துப்போக ஆள் வந்தால், அது ஆட்டோமேட்டிக்கா, நான்கு சக்கரமும் இழுக்கும் வகையா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இவை இரண்டையும் கயிறு கட்டித் தரையில் உருட்டி இழுத்தால் கியர் பெட்டி கெடக்கூடும். நான்கு சக்கரமும் மேலே ஏறும்படியான தட்டு வண்டியாகப் பார்த்துக் கேளுங்கள்.